காலும் இருதயமும் ஒரே சரக்குதான்

(பச்சைமலை டாப் செங்காட்டுப்பட்டியில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்த மலைக்கு வந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்ட நண்பர்கள், நான் வழக்கம்போல் கடவுளைப் பற்றியும் மதத்தைப் பற்றியும்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இன்று நான் தசையைப் பற்றிப் பேசப் போகிறேன். தசை என்றால் நீங்கள் சந்தையில் நிறுத்து வாங்குகிற கறிதான், வேறொன்றுமில்லை. அது கர்ப்பத்தில் எப்படி உண்டாகிறது, இருதயத்தின் தசைக்கும் கைகால் தசைக்கும் என்ன உறவு என்பதுதான் சங்கதி.

நான் காலேஜில் படித்தவனல்ல, எட்டாவதோடு நின்றவன். புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தும், புரியாத இடங்களை டாக்டர்களிடம் போய்த் தொந்தரவு செய்து கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காகவே நீங்கள் எதையும் நம்பிவிட வேண்டாம். சோதித்துப் பார்க்கக்கூடியதைச் சோதித்துப் பாருங்கள். அதற்காகவே இந்த ஊர்த் தோழர் ஒருவர், வீட்டில் அடை வைத்து நாலு நாளான முட்டைகளில் ஆறு முட்டைகளைச் சூடு ஆறாமல் கம்பளியில் சுற்றி இந்தக் கூடையில் வைத்திருக்கிறார். பேச்சு முடிந்ததும் அவற்றைக் காட்டுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரி 15ந் தேதி சூரிய கிரகணம் வந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அப்பொழுது என் தங்கை 5 மாதக் கர்ப்பிணி. கொல்லையில் காய்ந்த துணியை எடுக்க வெளியே போய்விட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். சில மாதங்கள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பாதமும் உள்பக்கமாகத் திரும்பியிருந்தன. கைவிரல்கள் மடங்கி, பிரித்தால் பிரியாமல் இருந்தன. உடனே மாமியார் வீட்டில் கிரகணக் கணக்குப் பார்த்தார்கள். ஜோசியரும் பார்த்தார். தோஷம் தாயாரால் வந்தது என்று தீர்ப்பாயிற்று. பிள்ளையையும் தாயையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு இரண்டரை மாதம் மந்திரித்த கயிறும் வேப்பிலையுமாகவே கழிந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் காலத்தில் நான் மேடையேறிப் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்தவன்! எங்கள் தாயார் அவளைப் பார்த்து, “ஏண்டி, சொன்னால் கேட்டாயா?” என்று ஏசும்போதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் கிரகணத்தால் அல்ல என்று சொல்லத் தெரிந்த எனக்கு, பின் எதனால் என்று சொல்லத் தெரியவில்லை. “இல்லை” என்று மட்டும் சொல்லுகிறவனை வீட்டுப் பெண்கள் நம்புவதில்லை. அது நியாயமும்கூட. ஆகவேதான் எதனால் என்று தேட ஆரம்பித்தேன்.

தசை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கிணற்றில் இருந்து குடத்தை இழுக்கும்போது என்ன செய்கிறோம்? ஒரு கை கயிற்றைப் பிடித்து இழுக்கிறது. அது விடுவதற்குள் மறுகை பிடித்துக்கொள்கிறது. மாற்றி மாற்றிப் பிடிக்கப் பிடிக்கக் கயிறு மேலே வருகிறது. தசைக்குள்ளேயும் இப்படியே கயிறும் கையும் இருக்கின்றன. கயிறு போன்ற மெல்லிய இழைக்கு ஆக்டின் என்று பெயர். அதைப் பிடித்து இழுக்கிற கைகளை உடைய தடித்த இழைக்கு மயோசின் என்று பெயர். இரண்டும் புரதம். எப்பொழுது இழுப்பது, எப்பொழுது விடுவது என்று உத்தரவு கொடுக்கும் ட்ரோபோனின் என்ற வேறு புரதங்களும் உண்டு. நீங்கள் மண்வெட்டி பிடிப்பதும், உங்கள் இருதயம் அடிப்பதும், நான் இப்பொழுது நாக்கைப் புரட்டுவதும் எல்லாம் இந்தக் கயிறு இழுப்பேதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் புரதங்கள் ஒவ்வொன்றிலும் பல ரகம் உண்டு. கர்ப்பத்தில் ஒரு ரகம், பிறக்கும் சமயத்தில் ஒரு ரகம், வளர்ந்த பிறகு ஒரு ரகம். வீடு கட்டும்போது முதலில் சாரம் கட்டுகிற ஆள் வருகிறான், பிறகு கொத்தனார் வருகிறார், அப்புறம் தச்சர் வருகிறார் அல்லவா? அதுபோல, கருவில் கைகால் தசை உண்டாகும்போது கரு மயோசின் என்ற ரகம் முதலில் வந்து வேலையை ஆரம்பிக்கிறது. பிறப்பை ஒட்டி வேறொன்று வருகிறது. பிறகு முதலில் வந்தவை பெரும்பாலும் விலகிக்கொள்ள, நம் ஆயுள் முழுவதும் வேலை செய்யும் ரகங்கள் வந்துவிடுகின்றன.

இன்னும் கேளுங்கள். இருதயத்துக்கு என்று ஒரு ஆக்டின் உண்டு. கர்ப்பத்தில் கைகால் தசை உண்டாகும்போது அங்கே அதிகமாக இருப்பது இந்த இருதய ஆக்டின்தான்! கைகாலுக்கு உரிய ஆக்டின் பிறகுதான் மேலோங்குகிறது. அதேபோல் சிசுவின் இருதயத்தில் உத்தரவு கொடுக்கிற ட்ரோபோனினில் ஒன்று, கைகாலின் நிதானமான தசைக்கு உரிய ரகம். பிறந்த சில மாதங்களில்தான் இருதயத்தின் சொந்த ரகம் அந்த இடத்துக்கு வருகிறது. ஆகவே கர்ப்பத்தில் இருதயத்தின் சரக்கு காலில் வேலை செய்கிறது; காலின் சரக்கு இருதயத்தில் வேலை செய்கிறது. கர்ப்பத்தில் மாத்திரமா? இன்று காலையில் சுமையோடு இந்த மலை ஏறி வந்த தாய்மார்களே, உங்கள் கெண்டைக்காலில் களைக்காமல் நின்று உழைக்கிற தசை இருக்கிறதே, அதில் உள்ள மயோசின் எதுவோ அதேதான் உங்கள் இருதயத்தின் கீழறைகளில் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. வேறு வேறல்ல, ஒரே மரபணுவில் இருந்து உண்டாகிற ஒரே புரதம்.

வேதத்தில் புருஷ சூக்தம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முகத்தில் பிராமணன், தோளில் க்ஷத்திரியன், தொடையில் வைசியன், பாதத்தில் சூத்திரன் பிறந்தான் என்பது அதன் கதை. ஒருவன் முகத்தில் பிறக்க முடியுமா என்று நம் தோழர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். நான் அதைக் கேட்கவில்லை. முகத்தில் என்ன, தோளில் என்ன, தொடையில் என்ன, பாதத்தில் என்ன, கருவில் எல்லா இடத்துத் தசையையும் ஆரம்பிப்பது அதே கரு மயோசின்தானே. உங்கள் புருஷனுக்கு மாத்திரம் இடத்துக்கு ஒரு சரக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

இது வெறும் வாதமல்ல. இதற்குக் கண்கண்ட சாட்சி இருக்கிறது. 1938இல் ஃப்ரீமன், ஷெல்டன் என்ற இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் ஒருவகைப் பிறவிக் குறையை எழுதிவைத்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு வாய் சிறுத்து, சீழ்க்கை அடிக்கிறவர்களைப் போலக் குவிந்திருக்கும், விரல்கள் மடங்கியிருக்கும், பாதம் திரும்பியிருக்கும். முகமும் கையும் காலும் ஏன் ஒன்றாகக் கெடுகின்றன என்று வெகுகாலம் விளங்கவில்லை. 2006இல் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் ஆராய்ச்சியில், இந்தக் குறை உள்ள 28 பேரைச் சோதித்ததில் 26 பேருக்குக் கரு மயோசினின் மரபணுவிலேயே எழுத்துப் பிழை இருந்தது. அந்தப் பிழையால் மயோசினின் கை கயிற்றைப் பிடித்தால் சீக்கிரம் விடுவதில்லை. சுருங்கிய தசை தளர நேரமாகிறது. பல குடும்பங்களில் தாய்க்கும் இல்லை, தகப்பனுக்கும் இல்லை. அந்தக் குழந்தையிடம்தான் பிழை புதிதாக நேர்ந்திருக்கிறது. இதில் யாருடைய பாவத்தை யார் தலையில் கட்டுவது?

சாரம் கட்டுகிறவன் கோணலாகக் கட்டிவிட்டுப் போய்விட்டால், அவன் போன பிறகும் சுவர் கோணலாகத்தானே நிற்கும்? அதுபோல, பிறந்தபின் அந்தப் புரதம் பெரும்பாலும் விலகிவிட்டாலும் அது வேலை செய்த காலத்துக் கோணல் மூட்டில் தங்கிவிடுகிறது. ஏனென்றால் கர்ப்பத்தில் சிசு கைகாலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் மூட்டு சரியாக உருவாகும். “பிள்ளை உதைக்கிறது” என்று நீங்கள் சொல்லிச் சிரிக்கிறீர்களே, அது விளையாட்டல்ல. பிள்ளை தன் மூட்டைத் தானே செய்துகொள்ளுகிற வேலை. 1962இல் ட்ராக்மன், கூலம்பர் என்ற இருவர் அடைமுட்டைக்குள் மருந்து செலுத்திக் குஞ்சின் தசையைச் சிலகாலம் அசையாமல் செய்து பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளுக்கு மூட்டு இறுகி, பாதம் திரும்பிப் போயிற்று. எந்தக் கிரகணமும் வரவில்லை. கோழி வெளியே போய்த் துணி எடுக்கவும் இல்லை!

எல்லாக் கோணற்காலுக்கும் கரு மயோசின்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஜோசியன் ஆகிவிடுவேன். பாதம் மட்டும் திரும்பிப் பிறப்பது உலகத்தில் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்கிறது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் கிரகணம் அவற்றில் ஒன்றல்ல என்று தைரியமாகச் சொல்லலாம். 2019 டிசம்பர் 26ந் தேதி வந்த கங்கண கிரகணத்தின் பாதை நம் திருச்சி வழியாகவே போயிற்று. அன்று இந்த ஜில்லாவில் இருந்த கர்ப்பிணிகள் எத்தனை ஆயிரம் பேர்? வயலில் நின்றவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எத்தனை பேர்? கிரகணம் காலை வளைக்குமானால் அடுத்த ஆறு மாதத்தில் இந்த ஜில்லாவே நொண்டியாகியிருக்க வேண்டாமா? என் தங்கை விஷயத்தையே பாருங்கள். கருவின் கையில் விரல் தனித்தனியாகப் பிரிவது 8 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. தசையும் அதற்குள் உண்டாகத் தொடங்கிவிடுகிறது. அவள் துணி எடுக்கப் போனதோ 5வது மாதம். வேலை பாதி முடிந்த பிறகு வந்த கிரகணமா அஸ்திவாரத்தைக் கெடுத்தது?

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரியும். காவிரியில் வெள்ளம் வந்து தாயார் வரமுடியாமல் தவித்த செட்டிப் பெண்ணுக்குச் சிவனே தாயார் வேஷத்தில் வந்து பிரசவம் பார்த்தாராம். இன்றும் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் கொடுக்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் பிரசவ வேதனையில் இந்த மலையில் இருந்து எத்தனை பெண்களைக் கட்டிலில் வைத்துத் துறையூருக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். அந்தத் தாய் வேஷம் இந்த மலைமேல் ஏறவில்லையே, ஏன்? வெள்ளத்துக்குத் தோணி விடத் தெரியாத கடவுள் மருத்துவச்சி ஆனார் என்கிறார்கள், இருக்கட்டும்.

இனி இருதயத்துக்கு வருகிறேன். இது நம் தேசத்துச் சங்கதி. மயோசின் இழைகளைச் சேர்த்துக் கட்டி, அவற்றின் இழுப்பை அளவுபடுத்துகிற ஒரு புரதம் உண்டு. அதற்கு மயோசின் பிணைப்புப் புரதம் சி என்று பெயர். அதிலும் மூன்று ரகம்: இரண்டு கைகாலுக்கு, ஒன்று இருதயத்துக்கு மட்டும். இந்த இருதய ரகத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போயிருப்பது நம் மக்களில் நூற்றுக்கு சுமார் 4 பேரிடம் இருக்கிறது என்றும், அவர்களுக்கு இருதயத் தசை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 7 மடங்கு என்றும், 2009இல் தண்டபாணி, ஐதராபாத் செல் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் முதலிய விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். இந்தியா முழுவதும் ஆயிரக்கணக்கானவர்களிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த 25 எழுத்துக் குறை தமிழனிடம் இருக்கிறது, வடநாட்டானிடம் இருக்கிறது, இந்துவிடம் இருக்கிறது, முஸ்லிமிடம் இருக்கிறது. எல்லை தாண்டிப் பாகிஸ்தானிலும் இருக்கிறது, கடல் தாண்டி இலங்கையிலும் இருக்கிறது. அது உண்டானது ஜாதிகள் உண்டாவதற்கு மிகமிக முன்னால் என்று கணக்கிடுகிறார்கள். “எங்கள் இரத்தம் வேறு” என்று பூணூலைத் தடவிக்கொண்டு சொல்லுகிறவரின் இருதயத்திலும், அவர் தெருவுக்குள் வரக்கூடாது என்று தடுக்கப்பட்டவரின் இருதயத்திலும் ஒரே பாட்டன் விட்ட ஒரே பிழை!

இதோடு நிறுத்தினால் நான் பாதி சொன்னவன் ஆவேன். 2020இல் வந்த இன்னொரு ஆராய்ச்சி, அந்த 25 எழுத்துக் குறை தனியாக இருந்தால் அவ்வளவு அபாயமில்லை, அது உள்ளவர்களில் சிலரிடம் மட்டும் கூடவே ஒட்டிவருகிற வேறொரு ஒற்றை எழுத்துப் பிழைதான் உண்மையான குற்றவாளி என்று காட்டியது. ஆகவே அந்தக் குறை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் பயப்பட வேண்டியதில்லை. 11 வருஷத்துக்குள் சொன்னதைத் திருத்திக்கொண்டார்கள் பார்த்தீர்களா? இதைக் காட்டி, “உங்கள் விஞ்ஞானம் நேற்று ஒன்று சொல்லுகிறது, இன்று ஒன்று சொல்லுகிறது” என்று ஒரு வைதீகர் என்னிடம் கேலி செய்தார். “ஆமாம் ஸ்வாமி, தராசு சரியில்லை என்று தெரிந்தால் நாங்கள் தராசை மாற்றுகிறோம், நீங்கள் கறிகாய்க்காரனைச் சபிக்கிறீர்கள்” என்றேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். நல்ல வாலிபன் ஓடும்போதோ சுமை தூக்கும்போதோ மயங்கி விழுந்து செத்தால், “குலதெய்வக் குற்றம்” என்று கிடா வெட்டுகிறோம். ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் அப்படிச் செத்தால் இரண்டு கிடா வெட்டுகிறோம். அந்தப் பணத்தில் மிச்சமிருக்கிற அண்ணன் தம்பிகளை அழைத்துப்போய் இருதயத்துக்கு எக்கோ பரிசோதனை செய்துபாருங்கள். தசை தடித்திருப்பது அதில் தெரிந்துவிடும். மருந்து இருக்கிறது, வழி இருக்கிறது.

கலியாணத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒகையோ மாகாணத்தில் ஆமிஷ் என்று ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். தங்களுக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிறவர்கள். அவர்களுடைய கைக்குழந்தைகள் பலர் இருதயம் தடித்துச் செத்தார்கள். நான் சொன்ன அதே இருதயப் புரதத்தின் மரபணுவில், வேறொரு பிழை, தாய் வழியும் தகப்பன் வழியும் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்ததுதான் காரணம் என்று 2007இல் தெரிந்தது. ஒரு பக்கம் பிழை இருந்தாலும் மறுபக்கத்து நல்ல பிரதியை வைத்துக்கொண்டு குழந்தை பிழைத்துவிடுகிறது. இரண்டும் பிழையானால் பெரும்பாலும் முதல் வயதே தாண்டுவதில்லை. நாம் என்ன செய்கிறோம்? அக்காள் மகளைத் தாய்மாமனுக்குக் கட்டுகிறோம். கேட்டால் “சொத்து வெளியே போகக்கூடாது, இரத்தம் விட்டுப் போகக்கூடாது” என்கிறோம். சொத்து போகாமல் இருக்கலாம். அந்த இரத்தத்தில் பிழை இருந்தால் அதுவும் வெளியே போகாது என்பதை யோசித்தீர்களா? கலப்பு மணம் வேண்டும் என்று நம் இயக்கம் மானத்துக்காகச் சொன்னது. பிள்ளைகளின் இருதயத்துக்காகவும் அதைச் சொல்லலாம் போலிருக்கிறது.

என் தங்கை மகள் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். இரண்டரை மாதம் கழித்து, கயிற்றை நானே அறுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் எங்களை ஏசவில்லை. “இன்னும் முன்னால் வந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார். வாரத்துக்கு ஒரு மாவுக்கட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். பிறகு குதிகால் நரம்பில் சிறு வெட்டு. அப்புறம் இரண்டு பாதத்தையும் சேர்த்து ஒரு கம்பி வைத்த பூட்ஸ், தூங்கும்போது 4 வயதுவரை. விரல்களுக்குத் தினம் நீவிவிடும் பயிற்சி. விரல் முழுவதும் நிமிரவில்லை. இரண்டு விரல் இன்னும் மடங்கித்தான் இருக்கிறது. அந்தக் கையாலேயே பரீட்சை எழுதுகிறாள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். கோணற்காலோடு பிறக்கிற குழந்தைக்கு இந்த வைத்தியத்தைப் பிறந்த சில வாரத்திலேயே தொடங்க வேண்டும். சர்க்கார் 2013இல் ஆரம்பித்த குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தில் கோணற்காலும் பிறவி இருதயக் கோளாறும் சேர்க்கப்பட்டிருக்கின்றன, இலவசம். உங்கள் ஊருக்கு வருகிற கிராமச் செவிலியரிடம் காட்டினால் போதும். புருஷன் வீட்டார் மட்டும் இன்றுவரை வரவில்லை. வரவேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

நேரமாகிவிட்டது, முட்டை ஆறிவிடும். ஒரே ஒரு வார்த்தை. பிரமன் தலையில் எழுதிவிட்டான் என்கிறீர்களே, மனிதக் கருவில் இருதயம் துடிக்க ஆரம்பிப்பது சுமார் 22வது நாள். அப்பொழுது மண்டையோடே கிடையாது! தலையெழுத்தை எழுத ஓலையே இல்லாதபோது இருதயம் யாரையும் கேட்காமல் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. கோழிக்கருவில் அது இன்னும் சீக்கிரம். அடை வைத்த இரண்டாம் நாளே.

தோழரே, அந்த விளக்குகளை அணையுங்கள். டார்ச் விளக்கை இப்படிக் கொடுங்கள். முட்டையின் அகன்ற பக்கத்தில் வெளிச்சத்தை வைக்கிறேன். சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்புகள் தெரிகின்றனவா? நடுவில் ஒரு புள்ளி அசைகிறதே, அதையே பாருங்கள். தாய்மார்கள் முதலில் வாருங்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு வழி விடுங்கள். முண்டியடிக்க வேண்டாம், ஆறு முட்டை இருக்கிறது. பார்த்தபின் அத்தனையையும் கோழிக்கே திருப்பி வைத்துவிட வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.